இரண்டாவது பிரேக்

ஏப்ரல் 22, செவ்வாய்

தலைவலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், என்ன செய்துகொண்டிருந்தேன். இவ்வளவு மட்டும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்ஷூரன்ஸ்காரர் ஓசியில் கொடுத்த டைரி டிவிக்குப் பின்னால் கிடந்தது. நாலு மாசத் தாள் வீணாகிவிட்டதே என்று கலாமணிக்கு வருத்தம். வீணானது தாள் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரியிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

டாக்டர் படிக்கப்போகிறார் என்பதால் விவரம்: பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்து மூன்று, தாராபுரத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முடி முன்பக்கம் இல்லை. வலிக்க இடம் நிறைய இருக்கிறது.

வலி: காலை பத்தரைக்கு. இட்லி மூன்று. தலையைச் சுற்றித் தாம்புக்கயிறு போட்டு, இக்கட்டால ஒருத்தன் அக்கட்டால ஒருத்தன் நின்று இழுப்பது போல. தெறிக்கவில்லை, குத்தவில்லை. இறுக்குகிறது. மூளையில் கட்டி என்று நானே முடிவு செய்து, யார் யாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுகூட யோசித்து வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கண்ணில் லைட் அடித்தார், பிரஷர் பார்த்தார், மூக்கைத் தொடு, கையைத் தூக்கு, சிரி என்றார். எல்லாம் செய்தேன். "கட்டியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இறுக்கம்" என்று சொல்லி பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிவிட்டார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

வலி: மாலை நாலரை. அதற்கு முன் சாப்பிட்டது கேசரி. கேசரிக்குக் காரணம், கலாமணிக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு. ஒரு மாசமாகப் பேச்சாக இருந்தது, இன்று உறுதியாகிவிட்டது. பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றே சேர வேண்டும்.

ஊர்தான் வில்லங்கம். குமாரவலசு. நாற்பது கிலோமீட்டர் தாண்டி, காற்றாலைக் காட்டுக்குள் இருக்கிறது. இங்கிருந்து முதல் பஸ் போய்ச் சேரும்போது அங்கே முதல் பீரியட் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பின்னால் வந்து சேருகிற தலைமை ஆசிரியையை யார் மதிப்பார்கள்? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி பெயர் வர வருஷக்கணக்காகும். கலாமணிக்கு ஐம்பது ஆகிறது. நான் கொண்டுபோய் விடலாம் என்றால் காலை ஆறிலிருந்து பத்து வரைதான் எனக்குப் பிழைப்பே.

கேசரிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, ஊருல பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணு வாங்கித் தர மாட்டீங்களா?"

"அதுக்கென்ன, தாராளமா" என்றேன். கேசரியில் நெய் அதிகம். வலி அதனால் இருக்கலாம்.

ஏப்ரல் 28, திங்கள்

கலாமணிக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. ஒரு மாசம் கழித்து டெஸ்ட். இன்று முதல் வகுப்பு, காலை ஐந்தேகால், மைதானத்தில்.

முதல் நாளே கிளட்சை அலுங்காமல் விட்டாள். இருபத்து நாலு வருஷத்தில் இப்படி நாலு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சந்தோஷம். டாக்டர் கவனத்துக்கு: சந்தோஷம் என்று எழுதியிருக்கிறேன்.

வலி: காலை ஆறு. வெறும் வயிறு.

மே 3, சனி

பிசியோதெரபி. ஷாகிதா என்று ஒரு அம்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. விரல் மட்டும் ஸ்பானர். என்னை ஸ்டூலில் உட்காரவைத்துப் பின்னால் நின்று பார்த்தார்.

"அண்ணா, காதுக்கும் தோளுக்கும் நடுவுல கழுத்துன்னு ஒண்ணு இருக்கோணும். உங்களுக்கு அதைக் காணோம்."

"எங்க அப்பனுக்கும் இல்லீங்க."

"அப்பனைச் சொல்லாதீங்க. தோளை எறக்குங்க."

இறக்கினேன். அதுவரை தூக்கி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கழுத்து தோளில் வந்து சேருகிற இடத்தில் ஒரு முடிச்சைப் பிடித்து அமுக்கினார். தோளில் வலிக்க வேண்டும் அல்லவா? நெற்றிப்பொட்டில் வலித்தது. அங்கே யாரும் கையே வைக்கவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"இதுதான் உங்க தலைவலி" என்றார். கழுத்து, தோள், தாடைச் சதையெல்லாம் மணிக்கணக்கில் முறுக்கிக்கொண்டே இருந்தால் அங்கங்கே இப்படி முடிச்சு விழுமாம். முடிச்சு ஒரு இடம், வலி இன்னொரு இடம். பின்மண்டைக்குக் கீழே இருக்கிற சின்னச் சதைகளை அமுக்கியபோது கண்ணுக்குப் பின்னால் வலித்தது. கன்னத்தை அமுக்கியபோது, "பல்லைக் கடிக்கறீங்களா?" என்று கேட்டார். டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவன் பல்லைக் கடிக்காமல் வேறு எதைக் கடிப்பான்?

கடையில் வாங்கித் தினம் போட்டுக்கொள்கிற வலி மாத்திரையின் கணக்கைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. தினம் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்து விடுமாம். நிறுத்தச் சொல்லிவிட்டார். வெந்நீர் ஒத்தடம், தாடையை உள்ளே இழுத்து வைக்கிற பயிற்சி, மணிக்கு ஒரு தரம் தோளை இறக்கிப் பார்ப்பது. கடைசியாக ஒரு கேள்வி.

"இருபத்து நாலு வருசமா இந்த வேலை பாக்கறீங்க. இத்தனை நாளா வராத வலி இப்ப எதுக்குண்ணா வருது?"

வயசாகிறது இல்லீங்களா என்றேன்.

மே 6, செவ்வாய்

கலாமணியை இன்று மூலனூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டவைத்தேன். நல்ல ஓட்டம். எதிரே ஒரு பால் வண்டி வந்தது. எங்கள் கார் நின்றுவிட்டது.

"ஏனுங்க, பிரேக் மிதி தானா எறங்குது" என்றாள்.

டாக்டருக்கு விளக்கம்: டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இரண்டுக்கும் நடுவில் கம்பி போட்டிருக்கும். நான் மிதித்தால் ஓட்டுகிறவர் காலடியில் இருக்கிற மிதியும் கூடவே இறங்கும். அவர் மிதித்தால் என் பக்கத்து மிதி இறங்கும்.

"தானா எப்படி எறங்கும்? உன் கால்தான் மிதிக்குது. புதுசுல அப்படித்தான், மிதிச்சது தெரியாது" என்றேன்.

குனிந்து தன் காலையே பார்த்தாள்.

வலி: காலை ஆறேகால். வெறும் வயிறு. கடுமை.

மே 7, புதன்

வலி இல்லை. கலாமணி அக்கா வீட்டு விசேஷத்துக்குக் காங்கேயம் போயிருக்கிறாள். பயிற்சி இல்லை. சாப்பிட்டது நேற்றைய குழம்பு.

மே 10, சனி

தலையணையை மாற்றினேன். பயனில்லை. காப்பியை விட்டேன். பயனில்லை, கூடக் கோபமும் வந்தது. கண்ணாடி முன் நின்று தாடையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் முதலாளி ஆறுச்சாமி அண்ணன் பார்த்துவிட்டு, "நாச்சி, பொண்ணுப் பாக்கப் போறியா?" என்றார். அவருக்கு எதுவும் வலிக்காது. கற்றுக்கொடுக்கிற நேரத்திலும் கடலை தின்பார்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஜவுளிக்கடை சுப்பாத்தாள் அக்காவுக்குப் போன வருஷம் சொல்லிக்கொடுத்தேன். எதிரே லாரி வந்தால் அந்த அக்கா கண்ணை மூடிக்கொள்ளும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்ட நாளும் உண்டு. அப்போதெல்லாம் எனக்குத் தலைவலி வந்ததில்லை. வீட்டுக்கு வந்து சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லியிருக்கிறேன்.

கலாமணி ஓட்டுவதில் சொல்லும்படி ஒரு தப்பும் கிடையாது.

மே 14, புதன்

காலை மூலனூர் ரோடு. காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எதிரே வந்தது. அந்த இறக்கை ஒரு தெரு நீளம் இருக்கும். லாரி போய்விடும், இறக்கை போய்க்கொண்டே இருக்கும். குமாரவலசு ரோட்டில் தினமும் இதே சாமான்தான். கலாமணி சரியாக இடது பக்கம் ஒதுங்கினாள், வேகத்தைக் குறைத்தாள். எல்லாம் சரி.

எங்கள் கார் ரோட்டிலேயே செத்து நின்றது. பின்னால் ஒரு டெம்போக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே, "யக்கா, வூட்டுல கோலம் போடு போ" என்று கத்திவிட்டுப் போனான்.

இறங்கி ஓரத்தில் நின்றோம். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு வராதுங்க. காலு நான் சொல்றதைக் கேக்கறதில்ல."

என் இளநீரில் தண்ணீர் குறைவு.

வலி: அப்போதிலிருந்து இப்போது வரை. ஒத்தடம் கொடுத்தேன். மாத்திரை ஒன்று போட்டேன். ஷாகிதா அம்மணியிடம் சொல்லப்போவதில்லை.

மே 16, வெள்ளி

பதவி உயர்வு வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். 'உடல்நிலை காரணமாக' என்று எழுதியிருந்தது.

"உடம்புக்கு என்ன?" என்றேன்.

"கால் மரத்துப் போறதும் சீக்குத்தானுங்க. அம்மாவுக்குச் சக்கரையில அப்படித்தான் ஆரம்பிச்சுது. ரத்தம் டெஸ்ட் பண்ணக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

கடிதத்தில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

மே 17, சனி

சுப்பாத்தாள் அக்கா, முதலாளி, கலாமணி கதையெல்லாம் நான் சொன்னதும் ஷாகிதா அம்மணி இன்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். "இதுதான் கார். எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க. ஓட்டறது சுப்பாத்தாள் அக்கா." உட்கார்ந்தேன். "ம், தோள் கீழதான் இருக்குது. இப்ப ஓட்டறது உங்க முதலாளி." உட்கார்ந்தேன். "இப்ப உங்க வூட்டு அக்கா ஓட்டறாங்க."

அம்மணி சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னுங்க?"

"தோள் ரெண்டும் காதுக்குப் போயிருச்சு. அதை விடுங்க. வலது கால் எதுக்குண்ணா என் தரையை மிதிக்குது?"

பார்த்தேன். மிதித்துக்கொண்டிருந்தது. குதிகால் தூக்கி, முன்பாதம் அழுந்தி, கெண்டைச்சதை கல்லாக இருந்தது.

"காலை இப்படி மிதிச்சா இடுப்பு இறுகும், முதுகு இறுகும், தோளு, கழுத்து, தாடை எல்லாம் ஒட்டுக்கா இறுகும். நான் மேல அவுத்துவிட அவுத்துவிட நீங்க கீழ இருந்து முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா எப்படி?" அப்புறம் சிரிப்பு நின்றது. "அக்கா ஓட்டும்போது பிரேக் யாருண்ணா பிடிக்கிறது?"

"அதுங்க, அவசரத்துக்கு..."

"அக்காவுக்குத் தெரியுமா?"

சுவரில் எலும்புக்கூடு படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். நன்றாக வரைந்திருந்தார்கள்.

"எனக்கு அந்த இறக்கை லாரியை நெனச்சாத்தானுங்க" என்றேன். அம்மணி வெந்நீர்ப் பையைக் கழுத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

மே 19, திங்கள்

தலைவலி என்று ஆறுச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டு லீவு சொன்னேன். கலாமணியை இன்று ஒரு நாள் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.

"கடிதம் கொடுக்கப் போறேன். இனி எதுக்குங்க கிளாஸ்?" என்றாள் கலாமணி.

"பணம் கட்டியிருக்குது, போயிட்டு வா" என்றேன். பணமெல்லாம் யாரும் கட்டவில்லை.

டாக்டர் கவனத்துக்கு: இன்று காலை எனக்கு வலி இல்லை.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஆறுச்சாமி அண்ணன் காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கிட்டு, கடலை தின்னுக்கிட்டே வந்தாரு. மூலனூர் போய்த் திரும்பி வந்தோம். ரெண்டு லாரி, ஒரு டவுன் பஸ், ஆட்டு மந்தை ஒண்ணு. மிதி ஒருக்காக்கூடத் தானா எறங்குல."

தோசை தீய்ந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

"எத்தனை நாளா?"

"மொதல் நாள்ல இருந்து."

"என் கால்தான்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் ரத்தம் கொடுத்துட்டு வந்தேன்னு சொன்னப்பக்கூட..."

"ஆமா."

கத்தினால் பரவாயில்லை. பிள்ளைகளை அதட்டி அதட்டி அவள் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். இன்று மெதுவாகப் பேசினாள். "ரெண்டு வாரமா ராத்திரி படுத்துக்கிட்டுக் காலை ஆட்டி ஆட்டிப் பாத்தேனுங்க. அவ்வளவுதான், நமக்கு வயசு போயிருச்சுன்னு. பக்கத்துலதான படுத்திருந்தீங்க."

அந்த ரோடு, அந்த லாரி, வெயில் காலத்தில் டயர் வெடிப்பது என்று ஏதேதோ சொன்னேன். சாயங்காலம் அவள் வருகிறவரை இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது என்றும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்த ரோட்டுக்கு நானும்தான் பயப்படறேன். அதுக்குத்தான பிரேக் பிடிக்கக் கத்துக்கறேன்" என்றாள். அடுப்பை அணைத்தாள். கடிதத்தை எடுத்து நாலாக மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேசையின் கால் அடியில் செருகினாள். மேசை இப்போது ஆடுவதில்லை.

மே 21, புதன்

ஆறுச்சாமி அண்ணனோடுதான் கிளாஸ் போகிறாள். என்னிடம் பேச்சு மூன்று வகை: சோறு இருக்குது, மோட்டார் போடுங்க, யாரோ வந்திருக்காங்க.

வலி: நாள் முழுக்க. இது தசை இறுக்கத்தில் வருவதா, வேறா என்று தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. சர்க்கரை இல்லை. அதை என்னிடம் சொல்லவில்லை, ஃபிரிட்ஜ் மேல் நான் பார்க்கும்படி வைத்திருந்தாள்.

மே 24, சனி

ஷாகிதா அம்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தோளை அமுக்கிப் பார்த்து, "முடிச்சு கொஞ்சம் எளகியிருக்குது" என்றார். அவர் அவ்வளவுதான் சொன்னார்.

மே 28, புதன்

டெஸ்ட். ஆறுச்சாமி அண்ணன் சொந்தத்தில் ஒரு கல்யாணமென்று போய்விட்டார். ஸ்கூல் காரில் ஸ்கூல் ஆள் ஒருத்தர் இருந்தாக வேண்டும். வேறு ஆள் இல்லை.

கலாமணி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, நேரே பார்த்தபடி சொன்னாள்: "வாங்க. காலைத் தூக்கி மேல வெச்சுக்கிட்டு உக்காருங்க."

சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தொப்பையோடு அது எளிதல்ல. பிரேக் இன்ஸ்பெக்டர் பின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புதுசாக வந்தவர், கெடுபிடியானவர். மாஸ்டர் மிதித்தது தெரிந்தால் அந்த இடத்திலேயே ஃபெயில் போட்டு அனுப்புவார் என்று பேச்சு.

"என்ன மாஸ்டர், பந்தியா? இலை போடச் சொல்லட்டுமா?"

"மூட்டு வலிங்க சார். தொங்கப்போட முடியறதில்ல."

கலாமணி வாய் ஓரம் லேசாக அசைந்தது. பத்து நாளில் நான் பார்த்த முதல் அசைவு.

எட்டுப் போட்டாள். பின்னால் எடுத்து நிறுத்தினாள். எல்லாம் தண்ணீர் மாதிரி. கடைசியில் மேடு. பாதி மேட்டில் நிறுத்தி, மறுபடி எடுக்க வேண்டும். எடுத்தாள். ஆக்ஸிலேட்டர் பத்தவில்லை, வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு கல்தூண் இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். என் வலது கால் மடியிலிருந்து தானாக எழுந்துவிட்டது. இரண்டு கையாலும் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டேன். கால் என்னைவிட பலசாலி. பல் நறநறத்த சத்தம் இன்ஸ்பெக்டருக்குக் கேட்டிருக்கும்.

வண்டி நின்றது.

நான் கீழே பார்த்தேன். என் பக்கத்து மிதி கம்பியோடு சேர்ந்து கீழே இறங்கி இருந்தது. என் இரண்டு காலும் மடியில் இருந்தன.

மூச்சு விட்டு, ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மேட்டைத் தாண்டினாள்.

"உருண்டப்ப பதறுல. பரவால்லம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். இறங்கும்போது என் முகத்தைப் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்குத்தான் வேர்க்குது."

எனக்கு இரண்டு காலும் மரத்துப் போயிருந்தது. இறக்கிவிடக் கலாமணிதான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

காங்கேயத்தில் ஒரு வாத்தியாரிடம் பழைய கார் வாங்கியாகிவிட்டது. சாயங்காலம் பூஜை. எலுமிச்சம்பழத்தின் மேல் அவளே ஏற்றினாள். அக்கம்பக்கத்தார் மாஸ்டர் சம்சாரம் என்று பாராட்டினார்கள். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் அவர்களைத் திருத்தவில்லை.

ஜூன் 2, திங்கள்

கலாமணி காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டாள். நான் கூட வரட்டுமா, பின் சீட்டில்தான், என்றேன். வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஆறுச்சாமி அண்ணனிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி, பைக்கில் பைபாஸ் வரைக்கும் பின்னால் போனேன். அவளுக்குத் தெரியாது. ஒரு இறக்கை லாரி வந்தது. ஒதுங்கினாள், வேகம் குறைத்தாள், லாரி போனது, இறக்கை போனது, போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் அவள் கார் போனது. பைக்கின் பிரேக்கை நான் எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

வலி: எட்டு மணிக்கு. கயிறு அதேதான். மாத்திரை போடவில்லை. ஒத்தடம் கொடுக்கவும் உட்காரவில்லை. ஒரு புது ஆளுக்குக் கிளாஸ் எடுத்தேன். என்ன சொல்லிக்கொடுத்தேனோ.

எட்டரைக்குப் போன்.

"வந்துட்டேனுங்க. குழாயில தண்ணி வரல. வாட்ச்மேன் கேட்டோட சாவியத் தொலைச்சுப்போட்டு, கார் நிறுத்த எடம் இல்லைங்கறான். நான் யாருன்னு கேட்டான். சொன்னேன். சாவி கெடைச்சிருச்சு."

"ரோடு எப்படி?"

"ரோடு ரோடு மாதிரித்தான் இருக்குது. தோளை எறக்குங்க."

போனில் எப்படித் தெரிந்ததோ. இறக்கினேன்.

"பிரேக் எப்படி?" என்றேன்.

பின்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற கூச்சல் கேட்டது.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "நான் மிதிச்சாத்தான் பிடிக்குது."